அரைமணி நேரம் தெரியாமல் இருக்கட்டும்

அனுப்பிய செய்திக்கு இரண்டு டிக் விழுந்துவிட்டது, பதில் மட்டும் வரவில்லை. ஐந்து நிமிடத்தில் கை தானாகப் போனை எடுக்கிறது. கடைசியாக எப்போது ஆன்லைனில் இருந்தார் என்று பார்க்கிறோம். அனுப்பியதை மறுபடி படிக்கிறோம். பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி, "இதுல தப்பா ஒன்னுமில்லையே?" என்று கேட்கிறோம். "இல்லை" என்றதும் மனசு லேசாகிறது, பத்து நிமிடத்துக்கு.

பதில் வராததுதான் தங்கள் பிரச்சினை என்று ஆலோசனைக்கு வரும் பலர் நினைக்கிறார்கள். பிரச்சினையை ஊட்டி வளர்ப்பதோ அந்தப் பத்து நிமிட நிம்மதி. பார்த்ததும் பதற்றம் இறங்குவதால், 'பார்த்ததால்தான் தப்பித்தோம்' என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக, இன்னும் அடிக்கடி பார்க்கச் சொல்லும்.

இதை மனபலவீனம் என்று எண்ணாதீர்கள். லண்டனில் 45 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. கணினித் திரையில் தெரியும் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். இருந்தால் வலிக்கும்படி ஒரு மின்அதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்த நேரத்தைவிட, விழலாம், விழாமலும் போகலாம் என்ற 50 சதவீத நிலையில்தான் அவர்கள் உடம்பு அதிகம் பதறியது.

தெரியாமையைத் தாங்குவது பயிற்சியில் வரும். முதல் மூன்று நாள் எதையும் மாற்ற வேண்டாம், குறித்தால் போதும்: எது தெரியவில்லை, உடனே என்ன செய்தேன், பதற்றம் பத்துக்கு எவ்வளவு. அந்தப் பட்டியலில் 2 அல்லது 3 மதிப்பெண் வாங்கிய ஒன்றை எடுங்கள். மின்னஞ்சலை ஒரே முறை படித்து அனுப்புவது, கதவைப் பூட்டிவிட்டுத் திரும்ப இழுத்துப் பார்க்காமல் நடப்பது போன்றவை. தொடங்கும் முன் உங்கள் பயத்தை ஒரே வரியில் எழுதுங்கள். 'ஏதாவது ஆகும்' என்பது போதாது. 'தேதியைத் தப்பாகப் போட்டிருப்பேன், மேலாளர் திட்டுவார்' என்ற அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். பிறகு 30 நிமிடம் சரிபார்க்காமல் வேறு வேலையைப் பாருங்கள். மறுநாள் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: பயந்தது நடந்ததா? நடந்திருந்தால் எப்படிச் சமாளித்தேன்? இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 'நடந்தாலும் சமாளித்தேன்' என்று உங்கள் கையெழுத்திலேயே படிப்பதற்கு ஈடான தைரியம் வேறெதிலும் கிடைக்காது.

அரைமணியில் பதற்றம் இறங்காவிட்டால் பயிற்சி தோற்றதாக அர்த்தமில்லை. பதற்றம் இருக்கும்போதே வேலை நடக்கிறதா என்பதுதான் கணக்கு.

தவறுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். போனை வைத்துவிட்டு, அனுப்பிய வரிகளை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள். இல்லையென்றால் மனைவியிடமோ அண்ணனிடமோ கேட்பார்கள். இதுவும் சரிபார்ப்புதான், வழி மட்டும் மாறியிருக்கிறது. எடுத்த எடுப்பில் 8 மதிப்பெண் விஷயத்தில் கைவைப்பதும், ஒரே நாளோடு நிறுத்துவதும் மற்ற இரண்டு தவறுகள். ஒரே விஷயத்தை வெவ்வேறு நாளில் நான்கைந்து முறையாவது செய்யுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் அன்பில்தான் "ஒன்னும் ஆகாது" என்கிறார்கள். அதற்குப் பதில், "எனக்கும் தெரியலை. கஷ்டமாத்தான் இருக்கும், கூட இருக்கேன்" என்று சொல்லலாம். ஆனால் இதைப் பயிற்சி செய்பவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று மாறினால் கைவிட்டதுபோல் இருக்கும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், உடம்பில் புதிதாகத் தென்படும் கட்டி ஆகியவற்றில் இந்தப் பயிற்சிக்கு இடமே இல்லை. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கவலை ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்களில் இருந்து, தூக்கமும் வேலையும் கெடுகிறதென்றால் உளவியல் நிபுணரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். 'இவர் எனக்குச் சரிப்படுவாரா' என்று தேடித் தேடியே மாதங்களை இழப்பவர்கள் உண்டு. தகுதியுள்ள இருவரை விசாரித்து, முதலில் கிடைக்கும் நேரத்தைப் பதிவு செய்துவிடுங்கள்.