சிம்பல் சத்தம் எங்கே போனது?

"அக்கா, இது மூணாவது ஹெட்ஃபோன். எதுலயுமே சிம்பல் சத்தம் சரியா வரலை. கடைக்காரர் காதைச் சோதிச்சுப் பார்க்கச் சொல்றார்."

சிம்பல் என்பது டிரம்ஸில் இருக்கும் உலோகத் தட்டு. வந்தவருக்கு வயது 31. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் வேலை. லீவு நாளில் தோட்டத்தில் புல்வெட்டும் மெஷின் பிடிப்பார். இரண்டு இடத்திலும் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு ராக் பாட்டு கேட்கிறவர். காது சோதிப்பது என் தொழில். அவரைச் சோதனை அறையில் உட்கார வைத்து, தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்தது வரை ஒவ்வொரு ஒலியாகக் கொடுத்தேன். 2000 ஹெர்ட்ஸ் சுருதி வரைக்கும் வரைபடத்தின் கோடு நேராகவே போனது. 4000க்கு வந்ததும் 55 டெசிபெல்லுக்குச் சரிந்தது, அதாவது அவ்வளவு உரக்கக் கொடுத்தால்தான் அவருக்குக் கேட்டது. 8000ல் கொஞ்சம் மேலே ஏறியது. இரைச்சல் காதைக் கெடுத்தால் வழக்கமாக விழுகிற பள்ளம் இது. எங்கள் தொழிலில் இதைப் பார்த்தவுடன் முதலில் கேட்கிற கேள்வி, "எங்கே வேலை செய்றீங்க?" என்பதுதான்.

சிம்பலின் மினுமினுப்பும், காலால் மிதித்து மூடும் இரட்டைச் சிம்பலான ஹை-ஹாட்டின் 'ட்ஸ் ட்ஸ்' ஒலியும் கேட்க வேண்டிய இடம் அந்தப் பகுதிதான். நம் பேச்சில் வரும் ச, ஸ ஒலிகளும் அங்கேதான் இருக்கின்றன. "வீட்ல அம்மா 'காசு எங்கே'ன்னு கேட்டா எனக்குக் 'காது எங்கே'ன்னு விழுது, அக்கா" என்றார். அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

ராக் கேட்காதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். எனக்கே அது உயிர். ஆனால் எந்த ஆல்பத்தை எப்படிக் கேட்பது என்பதில் எனக்குச் சில உறுதியான கருத்துகள் உண்டு. இருபது வருடம் காதுகளோடு வேலை பார்த்ததில் வந்தவை.

முதலில் பிங்க் ஃபிலாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', 1973. நிசப்தத்திலிருந்து ஓர் இதயத் துடிப்பு மெல்ல எழும்பி வரும். ஒன்றும் கேட்கவில்லையே என்று பலரும் அந்த இடத்தில் ஒலியைக் கூட்டிவிடுவார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. சில பாட்டு தாண்டி 'டைம்' வரும்போது கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறும். ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் பழைய கடிகாரக் கடையில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்து சேர்த்த சத்தம் அது. கூட்டி வைத்த ஒலியில் அது நேராகக் காதைத் தாக்கும். முதல் துடிப்பு கேட்டும் கேட்காமலும் இருக்கட்டும், விட்டுவிடுங்கள். அந்த ஆல்பம் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. நான் கேட்டதிலேயே காதை அதிகம் மதிக்கிற ராக் ஆல்பம் இதுதான்.

லெட் செப்பெலினின் நான்காவது ஆல்பம், 1971. கடைசிப் பாட்டில் ஜான் பானமின் டிரம்ஸ் மலை உருண்டு வருவதுபோல இருக்கும். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படிக்கு மேலே மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்தப் பிரம்மாண்டத்தைத் தந்தது அந்த வீட்டின் எதிரொலி. அதனால் ஒலியைக் குறைத்துக் கேட்டாலும் அது சிறுத்துப் போவதில்லை.

மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்', 2008, இதற்கு நேர் எதிர். பாட்டுகள் நல்ல பாட்டுகள், ஆனால் மெல்லியது, உரத்தது என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லாவற்றையும் உச்சத்துக்குத் தள்ளி அமுக்கிவிட்டார்கள். திரும்பக் கலவை செய்து தரச் சொல்லி ரசிகர்களே மனுப் போட்டார்கள். மூன்று பாட்டுக்குள் என் காது சோர்ந்துவிடும். மூச்சு விட இடமில்லாத இசையில் காதுக்கும் ஓய்வில்லை.

நம் ஊரில் 'சர்ச்' (Search) என்ற மலாய் ராக் குழுவின் 'ஃபெனோமெனா', 1989, தெரியாதவர்கள் குறைவு. அதில் வரும் 'இசபெல்லா'வில் பாடகர் ஏமியின் குரல் உச்சிக்குப் போகும்போது மலாய், தமிழ், சீனம் என்ற பேதமே இல்லாமல் கடைவீதி முழுக்கக் கூடவே பாடும். சின்ன ஸ்பீக்கரில் கேட்டாலும் நிற்கிற பாட்டு அது.

சரி, கணக்குக்கு வருவோம். 85 டெசிபெல்லில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்பது வழக்கமான வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94ல் ஒரு மணி நேரம், அதாவது பிங்க் ஃபிலாய்டை ஒரே ஒரு முறை முழுதாகக் கேட்கலாம். 100ல் 15 நிமிடம். இசைத்தட்டின் முதல் பக்கமே முடியாது. புல்வெட்டும் மெஷின் 90ஐச் சாதாரணமாகத் தாண்டும். அந்த இரைச்சலுக்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமென்றால் இயர்ஃபோனை எவ்வளவு கூட்ட வேண்டியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒரு காதுக்குள் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஏறக்குறைய 15,000. செத்தது திரும்ப முளைக்காது. ஏசி/டிசி ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016ல் செவித்திறன் குறைபாட்டால் சுற்றுப்பயணத்திலிருந்து விலக வேண்டி வந்தது. மேடையில் நிற்கிறவருக்கும் ஆலையில் நிற்கிறவருக்கும் உள்ளே இருப்பது அதே அணுக்கள்தான்.

ஆலையில் வேலை செய்கிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மலேசியாவின் 2019ஆம் ஆண்டு இரைச்சல் ஒழுங்குமுறைப்படி, 85க்கு மேல் இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்குச் செவிச் சோதனை செய்ய முதலாளி கடமைப்பட்டவர். கேட்டு வாங்குங்கள். இரைச்சலால் வந்த செவித்திறன் குறைபாடு, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் தொழில்நோயாகவும் வருகிறது.

அந்தத் தம்பிக்கு நான் முதலில் கற்றுக்கொடுத்தது இரைச்சலைத் தடுக்கும் நுரைக் காதடைப்பானைப் போடுவது. இரண்டு விரலுக்கு நடுவில் மெல்லிசாக உருட்ட வேண்டும். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை விரலை எடுக்காமல் பிடிக்க வேண்டும். ஆறு வருடமாக அவர் அதைக் காதின் வாசலில் செருகி வைத்திருந்தார், அதுவும் போட்ட நாளில் மட்டும். வேலையில் பாட்டு வேண்டாம், வீட்டில் வந்து கேளுங்கள் என்றேன். அதற்குத்தான் அவர் முகம் வாடியது. அப்புறம் செவிக்கருவியைச் சோதனைக்கு மாட்டி அந்த 1971 ஆல்பத்தைப் போட்டேன். பாதிப் பாட்டில் நிமிர்ந்து, "இந்த ஹை-ஹாட் எப்பவும் இங்க இருந்துச்சா, அக்கா?" என்று கேட்டார்.

போன மாதம் திரும்ப வந்தார். பழைய வரைபடத்தையும் புதியதையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். 4000ல் பள்ளம் அப்படியே இருந்தது. ஆழமாகவில்லை.