குழாயில் உணவு போகிறவருக்கும் பல் துலக்க வேண்டும்

"வாய் வழியா ஒண்ணுமே சாப்பிடுறதில்லையே, எதுக்குப் பல் விளக்கணும்?" பக்கவாத நோயாளியின் வீட்டார் அடிக்கடி கேட்பது இது. உண்மையில், மூக்குக் குழாயில் உணவு போகிறவரின் வாய்தான் சீக்கிரம் கெடுகிறது. மெல்லுவது நின்றால் எச்சில் ஊறுவது குறையும். நாக்கு புரண்டு வாயைத் தானாகச் சுத்தம் செய்வதும் நின்றுபோகும். பல்லிலும் நாக்கிலும் படியும் படலத்தில் கிருமிகள் பெருகும். அந்த எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். குழாய் உணவை வயிற்றுக்குக் கொண்டுபோகுமே தவிர, எச்சில் இறங்குவதைத் தடுக்காது. தொண்டையில் உணர்ச்சி மரத்தவருக்குப் புரையேறினாலும் இருமல் வராது என்பதால், வெளியே ஒன்றும் தெரிவதில்லை.

காலையும் இரவும் கட்டாயம் துலக்குங்கள். குழாயில் உணவு ஊற்றிய கையோடு வேண்டாம். குமட்டி வாந்தி வரலாம். ஊற்றுவதற்கு முன்பே முடித்துவிடலாம்.

உட்கார முடிந்தவரை நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்துங்கள். முடியாதவரை, செயலிழந்த பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து, கன்னத்தடியில் ஒரு துண்டு போடுங்கள். மல்லாக்கப் போட்டு வாயில் தண்ணீர் விடுவதுதான் மிக மோசமான தவறு.

சிறிய தலையுள்ள மென்மையான பிரஷ் போதும். நனைத்து, நன்றாக உதறிவிடுங்கள். நுரைக்காத பேஸ்ட் என்றால் அரைப் பட்டாணி அளவு. நுரைப்பது என்றால் பேஸ்ட்டே வேண்டாம். படலத்தை எடுப்பது தேய்ப்புதான். செயலிழந்த பக்கக் கன்னத்தை விரலால் விலக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். வாயால் சாப்பிடுகிறவர் என்றால், காலையில் கொடுத்த மாத்திரை மாலையிலும் கரையாமல் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அவருக்கே அது தெரியாது. பற்களுக்கு நடுவே மட்டும் விரலை விடாதீர்கள், அறியாமல் கடித்துவிடுவார். நாக்கை உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் தேயுங்கள். அடிநாக்கைத் தொட்டால் குமட்டும். கொப்பளிக்கச் சொல்லாமல், பிழிந்த காஸ் துணியால் துடைத்தெடுங்கள். பஞ்சு உருண்டை வேண்டாம், அது கழன்று தொண்டைக்குள் போய்விடலாம்.

பல்செட்டை இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வாய்மருந்து, மருத்துவர் சொன்னால் மட்டும். பிரஷ்ஷுக்கு அது மாற்றல்ல. நாக்கில் தெரியும் வெள்ளைத் திட்டு பூஞ்சையாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

பேசும்போது தொண்டையில் சளி களகளப்பது, மூச்சு வேகமாவது, காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். வயதானவருக்குக் காய்ச்சலே இல்லாமல், வழக்கத்தைவிட அதிகத் தூக்கமும் குழப்பமும் மட்டுமே தெரிவதுண்டு.