பழைய அடமானம் காலாவதி ஆகிவிட்டதா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வேலூர், காட்பாடி பக்கம் மனை வாங்க வருபவர்கள் வில்லங்கச் சான்றை நீட்டி அடிக்கடி கேட்பது இது: "சார், 1998-ல் ஒரு அடமானம் இருக்கு. கடன் தீர்ந்ததுன்னு ரத்து ரசீது போடல. பன்னிரண்டு வருஷம் தாண்டிட்டதால செல்லாதுன்னு தரகர் சொல்றார். சரிதானே?" பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 62-ஆம் கூறுப்படி, சொத்தின் மீது கொடுத்த அடமானப் பணத்தை வசூலிக்க 12 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். ஆனால் கணக்கு தொடங்குவது பணம் திருப்பித் தர வேண்டிய நாளில். 1998-ல் எழுதிய பத்திரத்தில் ஐந்து வருடக் கெடு இருந்தால் 2003-லிருந்து எண்ண வேண்டும்; 2015 வரை வழக்கு போட்டிருக்கலாம். கெடு எதுவும் இல்லாமல், கேட்டபோது தருவதாக எழுதியிருந்தால் பத்திரத் தேதியிலிருந்தே காலம் ஓடும். கெடு என்ன என்பது வில்லங்கச் சான்றில் இருக்காது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். இதைச் செய்யாமல் யாருடைய வாய்வார்த்தையையும் நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

அது எந்த வகை அடமானம் என்பதும் நகலில்தான் தெரியும். குறிப்பிட்ட நாளுக்குள் பணம் தராவிட்டால் கிரயம் உறுதியாகும் என்று நிபந்தனைக் கிரயமாக எழுதியிருந்தால், கடன் வாங்கியவரின் மீட்புரிமையை, அதாவது பணம் கட்டி நிலத்தைத் திரும்பப் பெறும் உரிமையை, அறுக்கக் கோரி வழக்குப் போடக் கடன் கொடுத்தவருக்கு 30 ஆண்டு உண்டு. சுவாதீன அடமானம், அதாவது கடன் கொடுத்தவரே நிலத்தை அனுபவித்து வரும் போக்கியம், முற்றிலும் வேறு. அவர் வழக்கே போட வேண்டியதில்லை, நிலம் அவர் கையில் இருக்கிறது. அங்கே 12 ஆண்டுக் கணக்கு விற்பவருக்கு உதவாது. பாக்கியைத் தீர்த்துத்தான் நிலத்தை மீட்க வேண்டும். இந்த வகையில் மீட்கும் உரிமை வெறுமனே 30 ஆண்டு கடந்ததால் அழிந்துபோகாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது நில உரிமையாளருக்கு ஆறுதல்.

அப்புறம் கையெழுத்து. காலம் முடிவதற்குள் கடன் வாங்கியவர் "பாக்கி இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக 12 ஆண்டு ஓடும் (அதே காலவரையறைச் சட்டம், 18-ஆம் பிரிவு). வட்டியோ அசலில் ஒரு பகுதியோ கட்டி, அது அவர் எழுத்தில் அல்லது கையெழுத்தோடு பதிவாகியிருந்தாலும் அப்படித்தான் (19-ஆம் பிரிவு). வங்கிகள் நிலுவை உறுதிக் கடிதம் வாங்கி வைப்பது இதற்காகவே. இவை எதுவும் வில்லங்கச் சான்றில் ஏறுவதில்லை. ஆகவே அடமானம் வங்கியில் என்றால், வங்கியிடமே எழுத்தில் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. காலம் கடந்த கடனுக்கு, நீதிமன்றம் போகாமலே சொத்தைக் கைப்பற்ற வங்கிக்கு வழிதரும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்திலும் அதைக் கைப்பற்ற முடியாது, அதன் 36-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் காலம் கடந்ததா என்பதற்கான ஆதாரம் வங்கியின் கோப்பில் இருக்கிறது.

பலர் மறப்பது கொரோனா காலம். 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2008-க்குப் பிறகு கெடு முடிந்த அடமானம் என்றால் இந்த நாட்களைக் கழித்துத்தான் எண்ண வேண்டும்.

வழக்கு ஏற்கெனவே போட்டிருந்தால்? தீர்ப்பாணை கிடைத்திருந்தால் அதை நிறைவேற்ற மேலும் 12 ஆண்டு உண்டு. அசல் உரிமையாளர், கடன் கொடுத்தவர் இருவர் பெயரையும் இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடிப் பாருங்கள். பழைய வழக்குகளுக்கு வேலூர், குடியாத்தம் நீதிமன்றப் பதிவேடுகளையும் ஒரு வழக்கறிஞர் மூலம் பார்ப்பது நல்லது.

நம் பகுதிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் பிரிந்தது, வேலூரும் 2019-ல் மூன்றானது. கிராமம் இப்போது வரும் சார்பதிவகம், அடமானம் எழுதிய காலத்தில் வேறாக இருந்திருக்கலாம். பழைய அலுவலகத்திலும் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல், கண்ணில் படாத அடமானத்தை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

இவ்வளவும் பார்த்து, காலாவதி உறுதி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கடன் அழிவதில்லை; வழக்குப் போட்டு வசூலிக்கும் உரிமைதான் போகிறது. பதிவும் வில்லங்கச் சான்றில் அப்படியே நிற்கும், நாளைக்கு உங்களுக்கு வீட்டுக்கடன் தரும் வங்கி அதைக் கேட்கும். பழைய தொகை சில ஆயிரம்தான் என்றால், கடன் கொடுத்தவரை அல்லது அவருடைய வாரிசுகள் எல்லோரையும் பிடித்து, பணத்தைக் கொடுத்துப் பதிவு செய்த ரசீது வாங்கச் சொல்லி விற்பவரிடம் கேட்பேன். வழக்கை விட இது மலிவு. அதற்காக விற்பவர் "இந்தத் தொகையைத் தருகிறேன்" என்று முன்கூட்டிக் கடிதம் கொடுக்கக் கூடாது. காலம் கடந்த கடனைத் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டம் 25(3)-இன் கீழ் அது புதிய கடனாகச் செல்லும். சார்பதிவாளர் முன்னிலையில் ரசீது ஒரு கை, பணம் ஒரு கை என்று முடிப்பதே பாதுகாப்பு. அந்த ரசீதில் பழைய அடமானத்தின் ஆவண எண், ஆண்டு, சர்வே எண் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று கையெழுத்துக்கு முன்பே ஒத்துப் பாருங்கள்.