தீவனம் இருக்க 'விலங்கு உணவு' எதற்கு?

'மூன்று தலைமுறைகளாக விலங்கு உணவு வணிகத்தில்' என்று கடலூர்க் கடை ஒன்று விளம்பரத்தாள் அச்சடித்திருக்கிறது. புலிக்கும் கரடிக்கும் பந்தி வைக்கிறார்களோ என்று நினைக்கத் தோன்றும். அவர்கள் விற்பது மாட்டுத்தீவனமும் கோழித்தீவனமும்தான். இந்தத் தொடர் இப்போது மூட்டை, பெயர்ப்பலகை, வங்கிக் கடன் விண்ணப்பம் என எல்லாவற்றிலும் ஏறிவிட்டது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். தின் என்பது நீண்டு தீன் ஆகிறது, அதிலிருந்து தீனி. இரையும் பழஞ்சொல்தான், அளவு மீறித் தின்பவனைத் திருக்குறள் 'கழிபேர் இரையான்' என்கிறது. தீவனம் தமிழா வடசொல்லா என்று சண்டை போடுவோர் போடட்டும். தனித்தமிழ் வேண்டுமென்றால் தீனி என்று எழுதுங்கள், எனக்கு மறுப்பில்லை. என்ன, தீனி என்றதும் இன்று முறுக்கும் மிக்சரும்தான் நினைவுக்கு வரும்.

'விலங்கு உணவு' அப்படியல்ல, 'அனிமல் ஃபீட்' என்ற ஆங்கிலத்தின் நேர் மொழிபெயர்ப்பு, அடிப்படையே பிழை. ஆங்கிலத்தில் கோழி, மீன், இறால் எல்லாம் 'அனிமல்'. தமிழில் கோழி பறவை. இறாலை விலங்கு என்று பரங்கிப்பேட்டையில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். மாட்டைக்கூட நாம் கால்நடை என்போமே தவிர விலங்கு என்று கூப்பிடுவதில்லை. இன்னொரு கோளாறு: விலங்குக்கான உணவா, விலங்கிலிருந்து வரும் உணவா? தொடரைப் பிரித்தால் இரண்டும் கிடைக்கும், பாலும் முட்டையும்கூட உள்ளே வந்துவிடும். தீவனத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. பசுந்தீவனம், உலர்தீவனம், அடர்தீவனம், குச்சித்தீவனம், இறால் தீவனம் என்று எதோடும் சேரும். மனிதன் சாப்பிடுவதையும் சட்டென்று விலக்கிவிடும்.

இத்தனைக்கும் அந்த மூன்று தலைமுறைக்கும் நம் பக்கத்திலேயே நல்ல பெயர்கள் இருந்தன. தாத்தா காலத்தில் அது புண்ணாக்குக் கடை (ஏட்டில் பிண்ணாக்கு). செக்கு ஓடிய ஊர்களில் எண்ணெய் ஒரு பக்கம், புண்ணாக்கு மறுபக்கம். 19ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியிலிருந்து மர்சேய் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறிய மல்லாட்டை (நிலக்கடலை) விளையும் மண் இது. மல்லாட்டைப் புண்ணாக்கு, எள்ளுப் புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை, உளுந்தம்பொட்டு என்று கேட்டு வாங்கி, வீட்டுக் கழுநீரில் கலந்து வைத்தார்கள். அப்பா காலத்தில் ஆலை மூட்டை வந்தது, பலகையும் 'தீவனக் கடை' ஆனது. சரியான மாற்றம்தான், கலந்து விற்பதற்குப் பொதுப்பெயர் வேண்டுமே. பேரன் கணினியில் மொழிபெயர்த்தபோதுதான் தடம் புரண்டது.

மூட்டையின் பின்பக்கம் இதைவிட மோசம். 'கச்சாப் புரதம்' என்று போட்டிருக்கிறார்கள். கச்சா என்றால் சுத்திகரிக்காதது, அரைகுறை என்றுதான் வாங்குபவர் நினைப்பார். உண்மையில் அது ஒரு கணக்கு: ஆய்வகத்தில் தீவனத்தின் நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கி வரும் எண். புரதத்தில் சுமார் 16 விழுக்காடு நைட்ரஜன் என்பதால் அந்தப் பெருக்கல். யூரியா கலந்தாலும் அந்த எண் ஏறும். 'நைட்ரஜன்வழிப் புரதம்' என்று எழுதினால் கொஞ்சம் நீளம்தான். ஆனால் எதை அளந்தார்கள் என்பதாவது மாடு வைத்திருப்பவருக்குத் தெரியும்.