உதிரிப் பனி கூரையாவது எப்படி?

இக்ளூ என்ற பனிவீடு கட்டக் காற்றடித்து இறுகிய பனி வேண்டும். மரங்களே இல்லாத ஆர்க்டிக் வெளியில் அது கிடைக்கும்; கத்தியால் கட்டி கட்டியாக அறுத்து அடுக்கலாம். காட்டுக்குள் விழும் பனி அப்படியில்லை. அள்ளினால் மாவாக உதிரும். வட கனடாக் காடுகளின் அத்தபாஸ்கன் மொழி பேசும் மக்களிடமிருந்து பரவிய 'குயின்ஸி' என்ற குடில் இந்த உதிரிப் பனிக்கானது. பனியை ஆள் உயரத்துக்குக் குவித்து, கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, அப்புறம் உள்ளே குடைவார்கள். அவ்வளவுதான் வேலை. ஆனால் கையில் நிற்காத பனி, தலைக்கு மேல் எப்படி நிற்கிறது?

நடுவே சும்மா விட்டுவைக்கும் அந்த நேரத்தில்தான் விஷயமே நடக்கிறது. புதிதாக விழுந்த பனித்துகளில் கூர்முனைகள் நிறைய. மண்வாரியால் அள்ளி எறியும்போது அவை முறிந்து, துகள்கள் சிறிதாகி நெருங்கி உட்காருகின்றன. மைனஸ் 10 டிகிரி நமக்குக் கடுங்குளிர். ஐஸுக்கோ அது உருகுநிலைக்கு ரொம்பப் பக்கம். அதனால் அதன் மேற்பரப்பு மூலக்கூறுகள் அடங்கிக் கிடப்பதில்லை. துருத்திய இடங்களிலிருந்து ஆவியாகக் கிளம்பி, இரண்டு துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடுக்கில் போய்ப் படிகின்றன. அங்கே ஒரு மெல்லிய கழுத்து முளைக்கிறது, மெல்லத் தடிக்கிறது. எதுவும் உருகி உறையத் தேவையே இல்லை. தரையோரம் இருந்த சற்று வெதுவெதுப்பான பனியும் மேலிருந்த குளிர்ந்த பனியும் குவியலில் கலந்துவிடுவதால் இந்த ஒட்டல் இன்னும் வேகம் பிடிக்கிறது. ஐஸ் துண்டுகள் தொட்டால் ஒட்டிக்கொள்வதை விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1850-லேயே கவனித்துச் சொல்லியிருக்கிறார். ஒன்றிரண்டு மணி நேரத்தில் குவியல் குடைவதற்குத் தயார்.

குடையும்போது சுவர் எவ்வளவு தடிமன் என்று உள்ளே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? முன்கூட்டியே 30 செ.மீ. நீளக் குச்சிகளை வெளியிலிருந்து குவியலெங்கும் செருகி வைத்துவிடுவார்கள். உள்ளே குச்சிமுனை தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் நிறுத்த வேண்டும். பகலென்றால் வெளிச்சமும் காட்டிக்கொடுக்கும்: பனி சிவப்பு ஒளியை அதிகம் விழுங்கி நீலத்தை விடுவதால் உள்ளே எல்லாம் நீலமாகத் தெரியும், ஓரிடம் மட்டும் பளிச்சென்றால் அங்கே சுவர் மெலிந்துவிட்டது.

சரி, சூடு எங்கிருந்து வருகிறது? பனியிடமிருந்து இல்லை, உள்ளே இருப்பவரிடமிருந்துதான். ஓய்விலிருக்கும் பெரியவரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. புதுப்பனியில் ஏறக்குறைய 90 சதவீதம் காற்று. குவித்த பனியில் அது குறைந்தாலும் நிறையவே மிச்சமிருக்கும். அந்தக் காற்று நகர முடியாமல் சிக்கியிருப்பதால் வெப்பம் எளிதில் தப்பிக்காது. வெளியே மைனஸ் 30 என்றாலும் உள்ளே பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே நிற்கும். அதற்கு மேல் சூடேற்ற ஆசைப்படக் கூடாது. கூரையின் உள்பக்கம் உருகி மறுபடி உறைந்தால் அது ஐஸ் ஓடாகிவிடும். கெட்டி ஐஸ், புதுப்பனியைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். உட்கூரையை வழவழப்பாக வளைத்துவிடுவதும் இதற்காகத்தான். கசியும் நீர் முகத்தில் சொட்டாமல் சுவரோடு இறங்கிப்போகும்.

என்னைக் கேட்டால், இதில் குளிரைவிட ஆபத்தானது வியர்வை. குடையும் வேலையில் உடல் கொதிக்கும், முழங்காலும் சட்டைக் கையும் பனியில் நனையும். அசையாத காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், வேலை முடிந்து படுத்ததும் ஈரத்துணி உடல்சூட்டை உறிஞ்சத் தொடங்கிவிடும். தடித்த கோட்டை முதலிலேயே கழற்றி உலர்வாக வைத்துவிட்டு, நிதானமாகக் குடைய வேண்டும். பருத்தி உடுப்பு வேண்டவே வேண்டாம். கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும்.

படுக்குமிடம் வாசலைவிட உயரமாக இருந்தால் குளிர்ந்த காற்று கீழே வடிந்துவிடும். உடம்புக்கு அடியில் ஊசியிலை மரக் கிளைகளை, அமுங்கிய பின்னும் ஒரு சாண் நிற்கும்படி பரப்ப வேண்டும். மூச்சுக்காற்று வந்துபோகக் கூரையில் முஷ்டி அளவு துளை கட்டாயம். உள்ளே அடுப்பு கூடாது, மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிடும். மண்வாரியை வெளியே விடாமல் உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி காற்று பனியை வாரி வாசலை அடைத்துவிட்டால், வெளியே வர அது வேண்டும்.