ஊசி இல்லை, மாத்திரைதானே?

கேப்சிடபின் என்ற புற்றுநோய் மாத்திரையை எழுதிக் கொடுக்கும்போது பலர் கேட்கும் கேள்வி இது. கேட்கும்போதே முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். கையில் ஊசி ஏறவில்லை என்றால் மருந்தும் லேசானதுதான் என்று மனது கணக்குப் போட்டுக்கொள்கிறது.

குடல், மார்பகப் புற்றுநோய்களுக்குப் பரவலாகத் தரப்படும் இந்த மாத்திரை, உடலுக்குள் போனதும் ஃபுளோரோயூராசில் என்ற பழைய கீமோ மருந்தாக மாறுகிறது. அதை ஊசியாக ஏற்றும்போது பக்கத்தில் நர்ஸ் இருப்பார். வீட்டில் அந்தக் காவல் வேலை உங்களுடையது.

பெரும்பாலும் காலை, இரவு என இரண்டு வேளை. உணவு முடிந்த 30 நிமிடத்துக்குள், தண்ணீரோடு. 14 நாள் சாப்பிட்டு 7 நாள் ஓய்வு என்பது வழக்கமான சுற்று. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக்க வேண்டாம். வாந்தியில் வெளியே வந்தாலும் மறுபடி போட வேண்டாம். (எல்லாப் புற்றுநோய் மாத்திரையும் இப்படியல்ல. புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரும் அபிராடெரோன் மாத்திரையின் வழக்கமான வகையை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். அடுத்த நாற்காலிக்காரர் சொன்ன முறை உங்களுக்குப் பொருந்தாது.)

நான் அதிகம் பார்க்கும் தவறு, மறப்பது அல்ல; பக்கவிளைவைப் பொறுத்துக்கொள்வது. உள்ளங்காலில் தோல் உரிந்து, செருப்புப் போட முடியாமல் வந்த ஒருவர் அன்று காலையும் மாத்திரை போட்டிருந்தார். எரிச்சல் தொடங்கி ஐந்து நாளாகிவிட்டது. "நிறுத்தினால் கட்டி வளர்ந்துவிடுமோன்னு பயமா இருந்துச்சு டாக்டர்" என்றார். இந்தப் பயம்தான் ஆபத்து. கை, கால் சிவந்து வலித்தால் சில நாள் நிறுத்தி, தேவைப்பட்டால் அளவைக் குறைத்துத் தொடர்வது இந்தச் சிகிச்சையின் வழக்கமான பகுதி. நிறுத்திய நாள்களின் மாத்திரையைப் பிறகு ஈடுகட்டவும் வேண்டாம்.

வழக்கத்தைவிட ஒரு நாளில் நான்கு முறை கூடுதலாக வயிற்றுப்போக்கு, சாப்பிட விடாத வாய்ப்புண், 100.4 டிகிரி காய்ச்சல்: இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவக் குழுவை அழையுங்கள். இரவானாலும் சரி. நெஞ்சுவலி என்றால் நேராக அவசரப் பிரிவுக்கு. முதல் சுற்றின் ஆரம்ப நாள்களிலேயே இவை கடுமையாக வந்தால் இன்னும் வேகம் வேண்டும். இந்த மருந்தைச் சிதைக்கும் டிபிடி என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அதை முன்கூட்டியே பரிசோதிக்க முடியும், கேட்டுப் பாருங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுபவர்கள் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். "சத்து மாத்திரைதானே" என்று சொல்லாமல் விடுவதும் நடக்கிறது; அதிலுள்ள ஃபோலிக் அமிலம் பக்கவிளைவைக் கூட்டிவிடும்.

மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. கர்ப்பிணிகள் கையால் தொடக் கூடாது.

அடுத்த முறை வரும்போது மீதி அட்டையையும் கொண்டு வாருங்கள். நாலு மாத்திரை கூடுதலாக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். எந்த நாளில், ஏன் விட்டீர்கள் என்று தெரிந்தால்தான் அடுத்த சுற்றுக்கு அளவு எழுத முடியும்.