நிறத்தை மட்டும் நம்பும் காட்டி விளக்குகளும் நிறக்குருடும்

மின்னணுக் கருவி ஒன்று பழுதாகிவிட்டது என்று புகார் வந்தால், சேவை மையத்தில் முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று "விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது?" என்பது. மறுமுனையில் இருப்பவர் தயங்கி, "பச்சை மாதிரிதான் தெரிகிறது" என்று சொன்னால், அவர் சரியாகக் கவனிக்கவில்லை என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இத்தகைய கருவிகளை வடிவமைப்பதிலும் பழுதுபார்ப்பதிலும் ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது வேறு. அந்தத் தயக்கத்துக்குக் கண்ணின் அமைப்பு காரணமாக இருக்கலாம். ஆனால் அதைத் தொல்லையாக மாற்றுவது, அப்படிப்பட்ட கண்ணும் உண்டு என்பதைக் கணக்கில் கொள்ளாமல் செய்யப்பட்ட விளக்குதான்.

சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு அரிதான ஒன்றல்ல. வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கும், பெண்களில் 200 பேரில் ஒருவருக்கும் அது உண்டு. மற்ற மக்களினங்களில் விகிதம் சற்றுக் குறைந்தாலும் புறக்கணிக்கத்தக்க அளவுக்குக் குறைவதில்லை. இதற்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால்தான் ஆண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. இவர்களில் பெரும்பாலோர் உலகைக் கறுப்பு வெள்ளையாகப் பார்ப்பவர்கள் அல்லர். சிலருக்கு விழித்திரையில் நிறத்தை உணரும் மூவகைக் கூம்பு செல்களில் ஒரு வகை முற்றிலும் இருக்காது. அவர்களைவிட அதிகமானோருக்கு மூன்று வகையும் இருந்தும், ஒன்றின் உணர்திறன் அடுத்ததை நோக்கி நகர்ந்திருக்கும்.

இங்கே கொஞ்சம் இயற்பியல் தேவை. நீல ஒளியை உணரும் கூம்பு செல்கள் ஏறத்தாழ 550 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளங்களில் அநேகமாகச் செயலற்றுவிடுகின்றன. அதற்கு அப்பால் நிறத்தைப் பிரித்தறிவது முழுவதும் மற்ற இரண்டு வகைகளுக்கிடையிலான வேறுபாட்டை நம்பியே நடக்கிறது. அவற்றில் ஒன்று இல்லாதவருக்கு அந்தப் பகுதியில் மிஞ்சுவது பிரகாச வேறுபாடு மட்டுமே. இனி நம் கருவிகளைப் பாருங்கள். காலியம் பாஸ்பைடால் செய்த பழைய வகைப் பச்சை எல்.இ.டி. ஏறத்தாழ 565 முதல் 570 நானோமீட்டரிலும், ஆம்பர் எனப்படும் ஆரஞ்சு கலந்த மஞ்சள் 590-ஐ ஒட்டியும், சிவப்பு 620-க்கு மேலும் ஒளிர்கின்றன. மூன்றும் அதே பகுதிக்குள் அடங்கிவிடுகின்றன. பல்லாண்டுகளாகக் காட்டி விளக்குகளுக்கென்று நாம் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் நிறத் தொகுதி, நிறக்குறைபாடு உள்ளவர்கள் மிக மோசமாகத் தடுமாறும் இடத்திலேயே அமைந்துவிட்டது. பின்னர் வந்த இண்டியம் காலியம் நைட்ரைடு வகைப் பச்சை 525 நானோமீட்டர் அளவில் இருப்பதால் நிலைமை ஓரளவு மேம்பட்டது. ஆயினும் மலிவான கருவிகளில் மஞ்சள் சாயல் கொண்ட பழைய பச்சை இன்றும் தாராளமாகப் பயன்படுகிறது.

சிவப்பை உணரும் கூம்பு இல்லாதவர்களின் சிக்கல் இதைவிடத் தீவிரமானது. அவர்களுக்குச் சிவப்பு ஒளி வேறு நிறமாகத் தெரிவதோடு நிற்பதில்லை, வெளிச்சமே குறைந்து தெரிகிறது. 660 நானோமீட்டர் போன்ற ஆழ்ந்த சிவப்பு, நல்ல பகல் வெளிச்சத்தில் எரியாத விளக்கைப் போலவே இருக்கும். கருவி சொல்ல வேண்டிய மிக அவசரமான செய்தியை, அவர்களுக்கு மிக மங்கலாகத் தெரியும் நிறத்தில் சொல்கிறோம்.

அளவும் ஒரு காரணம். பரந்த பரப்பில் இருக்கும் நிறத்தை அடையாளம் காணக்கூடியவர்கூட, ஊசித்துளை போன்ற ஒளிப்புள்ளியில் அதே நிறத்தை அறிய முடியாமல் திணறுவார். அந்தப் புள்ளிக்கு அருகில் ஒப்பிடுவதற்கு வேறொரு விளக்கும் இல்லையென்றால் ஊகிப்பதைத் தவிர வழியில்லை. ஒரே துளைக்குள் சிவப்பு, பச்சை என இரு சில்லுகளைப் பொதித்து, இரண்டும் சேர்ந்து எரிந்தால் ஆம்பர் என்று மூன்று நிலைகளைக் காட்டும் இரட்டை எல்.இ.டி.யை இதனால்தான் நான் விரும்புவதில்லை. தயாரிப்பாளருக்கு ஒரு துளையும், ஒளியை வெளியே கடத்தும் பிளாஸ்டிக் ஒளிக்குழாய் ஒன்றும் மிச்சமாகின்றன என்பது உண்மையே. அந்த மிச்சத்துக்கான விலையைப் பயனர் செலுத்துகிறார்.

ரயில்வே உலகம் இதை 19-ஆம் நூற்றாண்டிலேயே எதிர்கொண்டது. 1875-இல் ஸ்வீடனின் லாகர்லுண்டாவில் நடந்த ரயில் மோதலுக்கு ஊழியர் ஒருவரின் நிறக்குறைபாடு காரணமாக இருக்கலாம் என்று ஐயுற்ற உடலியல் அறிஞர் ஃபிரித்தியோஃப் ஹோல்ம்கிரென், நிறக் கம்பளி நூல்களை வகைபிரிக்கச் சொல்லும் சோதனையை ஊழியர்களுக்குக் கொண்டுவந்தார். ஆளைச் சோதித்து விலக்குவது அன்றைய தீர்வு. சார்ஜர் தயாரிப்பவருக்கு அந்த வசதி கிடையாது; கடையில் காசு கொடுத்து வாங்குபவரை யாரும் நூல் பிரிக்கச் சொல்ல முடியாது.

ஆகவே வடிவமைப்பாளரிடம் நான் வலியுறுத்தும் வரிசை இது: முதலில் இடம், அடுத்து துடிப்பு, கடைசியில் நிறம். இரண்டு நிலைகளுக்கு இரண்டு துளைகள் ஒதுக்கி, பக்கத்தில் எழுத்தோ குறியோ பொறித்துவிட்டால் பிரச்சினையில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். துளைக்கு இடமில்லையென்றால் ஃபர்ம்வேரில், அதாவது கருவிக்குள் பதிந்திருக்கும் மென்பொருளில், சில வரிகளை மாற்றினாலே போதும்: சார்ஜ் ஏறும்போது மெல்ல ஏறி இறங்கும் ஒளி, நிறைந்ததும் நிலையான ஒளி, பழுதென்றால் இருமுறை மின்னி ஓர் இடைவெளி. இதனால் உற்பத்திச் செலவு சிறிதும் அதிகரிக்காது. மருத்துவக் கருவிகளின் அபாய அறிவிப்புகளுக்கான, ஐ.இ.சி. என்னும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60601-1-8 தரநிலை இதில் நல்ல முன்மாதிரி. அதன்படி உயர் முன்னுரிமை விளக்கு சிவப்பாக இருப்பதோடு நொடிக்கு 1.4 முதல் 2.8 முறை துடிக்க வேண்டும். நடுத்தர முன்னுரிமை மஞ்சளாக, நொடிக்கு 0.4 முதல் 0.8 முறை துடிக்க வேண்டும். தாழ் முன்னுரிமை துடிக்காமல் எரிய வேண்டும். நிறமே தெரியாதவரும் துடிப்பைக் கொண்டு மூன்றையும் பிரித்தறியலாம். ஒளித்துடிப்பால் வலிப்பு வரக்கூடியவர்களை மனத்தில் கொண்டு, நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது.

துடிப்பிலும் அளவு வேண்டும். ஆறேழு விதமான துடிப்புகளை வைத்துப் பயனரைத் தந்திக்காரராக்கிவிடும் கருவிகளையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டு அல்லது மூன்று வடிவங்களுக்கு மேல் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. ரவுட்டர் போன்றவற்றில் தரவுப் போக்குவரத்தைக் காட்டவே விளக்கு மின்னுவதால், அதே விளக்கின் துடிப்புக்கு இன்னொரு பொருளை ஏற்றவும் கூடாது.

நிறத்தைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் சிவப்பு-பச்சைக்குப் பதில் நீலம்-ஆம்பர் இணையைத் தேர்ந்தெடுக்கலாம். நீலமும் மஞ்சளும் குழம்பும் குறைபாடு மிக அரிது. கையில் இருக்கும் கருவியிலேயே பச்சையை எடுத்துவிட்டு நீலத்தைப் பொருத்த விரும்புபவர்கள், நீல எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 முதல் 3.3 வோல்ட் தேவை என்பதை மறக்கக் கூடாது. பழைய வகைப் பச்சைக்கு 2 வோல்ட்டை ஒட்டியே போதும். 5 வோல்ட் இணைப்பில் 10 மில்லியாம்பியர் ஓட வேண்டுமானால், முன்பு 300 ஓம் அளவில் இருந்த மின்தடையை 180 ஓம் அளவுக்குக் குறைக்க வேண்டியிருக்கும். 3.3 வோல்ட் சர்க்யூட்டில் நீலம் மங்கலாக எரியும், அல்லது எரியவே எரியாது. வீட்டு மின்சாரம் நேரடியாக நுழையும் கருவிகளையும் லித்தியம் பேட்டரிப் பொதிகளையும் பயிற்சி இல்லாதவர்கள் இதற்காகத் திறக்க வேண்டாம்.

திறக்காமலே செய்யக்கூடிய எளிய வழியும் ஒன்று உண்டு. மேடை விளக்குகளுக்குப் பயன்படுத்தும் ஆழ்ந்த சிவப்பு நிறத்தாளின் சிறு துண்டை விளக்கின் முன் வைத்து வைத்து எடுத்துப் பாருங்கள். விளக்கு பச்சையாக இருந்தால் தாளின் பின்னால் அநேகமாக மறைந்துவிடும். சிவப்பாக இருந்தால் பெரிதாக மாறாது. பச்சைத் தாளில் இதற்கு நேர்மாறாக நடக்கும். சிவப்பு-பச்சை இரட்டை எல்.இ.டி.யில் இரு சில்லுகளும் எரிந்தால்தான் ஆம்பர் என்பதால், இரண்டு தாள்களின் வழியாகவும் ஒளி தெரிந்தால் அது ஆம்பர் என்று கொள்ளலாம். நிறத்தின் பெயரைச் சொல்லும் கைப்பேசிச் செயலிகளும் உதவும். ஆனால் பிரகாசமான எல்.இ.டி.யின் நடுப்பகுதியைக் கேமரா வெள்ளையாகவே பதிவுசெய்யும் என்பதால், வெளிச்ச அளவைக் குறைத்துவிட்டுச் சுற்றியுள்ள ஒளிவட்டத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும்.

புதிய கருவியைச் சோதிப்பவர்கள் ஒவ்வொரு நிலையையும் கறுப்பு வெள்ளைக் காணொளியாக எடுத்துப் பார்க்கட்டும். அதில் பிரித்தறிய முடியாத இரண்டு நிலைகள் இருந்தால் அந்த வடிவமைப்பு மேசைக்கே திரும்ப வேண்டும். நிறக்குறைபாட்டைக் கணினித் திரையில் போலச்செய்து காட்டும் மென்பொருட்கள் படங்களுக்கும் இணையப் பக்கங்களுக்கும் ஏற்றவை. குறுகிய அலைநீளப் பட்டையில் ஒளிரும் உண்மையான எல்.இ.டி.யை அவை சரியாகக் காட்டிவிடாது. சிவப்பு உணர்திறன் குறைந்தவர் ஒருவரும் பச்சை உணர்திறன் குறைந்தவர் ஒருவருமாவது அந்தக் கருவியை வெயிலிலும் இருட்டிலும் கையில் எடுத்துப் பார்த்த பிறகே மேலுறைக்கான அச்சுவார்ப்புக்கு ஒப்புதல் தர வேண்டும், ஏனெனில் அதன் பிறகு புதிதாக ஒரு துளை சேர்ப்பது செலவு பிடிக்கும் வேலை.